மூணாவது வாட்டி

சாப்பாட்டு விஷயத்தில் என் மாமியாரை ஜெயித்தவர்கள் எங்கள் சொந்தத்தில் யாரும் கிடையாது. போதும் போதும் என்று இரண்டு கையாலும் இலையை மறைத்தாலும் விரலிடுக்கு வழியாக ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டுத்தான் நகர்வார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் எல்லாம் பயந்துகொண்டுதான் எங்கள் வீட்டில் உட்காருவார்கள். அப்பேர்ப்பட்டவரை வந்த முதல் நாளே வாயடைக்க வைத்தவள் அந்த ஹாலந்துக்காரப் பெண்.

கல்வராயன் மலையில் சாமை எப்படி விதைக்கிறார்கள், எப்படி அறுக்கிறார்கள் என்று படிப்பதற்காக அவள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாள். மலையில் தங்க வசதி போதாது, கள்ளக்குறிச்சியில் ஒரு குடும்பத்தோடு இருக்கட்டும், மலைக்குப் போய் வந்துகொண்டு இருக்கட்டும் என்று யாரோ காலேஜ்காரர் என் மாமனாரிடம் கேட்டிருக்கிறார். கரும்பும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்த மனிதர் என் மாமனார். சாமையைப் படிக்க ஹாலந்திலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்பதே அவருக்கு ஒரு மாதம் சிரிப்பதற்குப் போதுமானதாக இருந்தது. வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். தியாகதுருகத்திலிருந்து வந்தவள் நான். ஆக, அந்த வீட்டுக்கு நானும் புதுசு, அவளும் புதுசு. என்ன, தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற வசதி அவளுக்கு இருந்தது. மருமகளுக்கு அந்த வசதி உண்டா? எந்த ஊரிலும் கிடையாது.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்குத் தொண்டைக்குள் ஏதோ வித்தை காட்ட வேண்டும். அத்தை ஒரே ஒரு நாள் முயன்று பார்த்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, “நான் பாப்பான்னே கூப்பிட்டுக்கறேன்” என்று முடித்துக்கொண்டார். தலை குனியாமல் எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்ட முடியாத உயரம் அந்தப் பாப்பா. முதல் வாரம் முழுக்க நெற்றியில் புடைப்போடு திரிந்தாள்.

பாண்டிச்சேரியில் கொஞ்ச காலம் தமிழ் படித்துவிட்டு வந்திருந்ததால் புத்தகம் மாதிரி பேசினாள். முதல் நாள் மத்தியானம் அத்தை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அத்தை வழக்கம்போல ஒரு கரண்டியை வைத்தார். அவள் இலையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். “நான் வேண்டாம் என்று சொன்னேன்” என்றாள். கோபமே இல்லை. அத்தைக்குக் காது கேட்பதில் ஏதோ கோளாறு போலிருக்கிறதே என்கிற கவலைதான் அதில் இருந்தது. கரண்டி அந்தரத்தில் நின்றது. மாமா மோருக்குள் இருமினார். நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் புடவை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவள் சுபாவமே அதுதான். சொன்னால் சொன்னதுதான். தெருவில் போகிறவர்கள் வாய்வார்த்தைக்கு “சாப்டியா?” என்று கேட்டால் நின்று, என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், அதில் எது காரம் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். கேட்டவர் பால் வாங்கப் போகிற அவசரத்தில் இருப்பார். பாவம், சொம்போடு நிற்க வேண்டியதுதான். நான் கூப்பிடுவதைப் பார்த்து மாமா, அத்தை என்று கூப்பிடப் பழகியவள், அதே சூட்டோடு என் வீட்டுக்காரரையும் “என்னங்க” என்று கூப்பிட்டுவிட்டாள். அந்த மனிதர் அன்றைக்குக் கரும்புக் காட்டுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். அண்ணன் என்று சொல்லணும் என்று நான்தான் திருத்தினேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் தள்ளிப்போடவில்லை.

விவகாரம் பிஸ்கட் டப்பாவில்தான் வந்தது. அவளைப் பார்ப்பதற்கென்றே அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்கள். இவள் உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவை எடுத்துவந்து திறந்தாள். வெண்ணெய் வாசனை கூடம் முழுக்க வந்தது. “வேண்டுமா?” என்றாள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக, “ஐய, வாணாம்மா” என்றார்கள். இவள் “சரி” என்றாள். டப்பாவை மூடினாள். அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்த முகத்தோடு பேச ஆரம்பித்தாள். எதிர்வீட்டு அக்கா கிளம்புகிறவரைக்கும் அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தெருக் குழாயடியில் பேச்சே அதுதான். டப்பாவைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டாளாம். வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுகூட யாரோ சொன்னார்களாம். அத்தைக்குப் பொறுக்கவில்லை. தன் வீட்டு வாசல் ஏறி வந்தவர்கள் வெறும் வாயோடு போனார்கள் என்பதைவிட ஒரு அவமானம் அவருக்கு வேறு எதுவும் இருக்க முடியாது. அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக்கொண்டார்.

“இத பாரு பாப்பா. எங்க ஊர்ல மொத வாட்டி வாணாம்னு சொன்னா அது மரியாதிக்கு. ரெண்டாவது வாட்டி சொன்னா, நீ நெஜமாத்தான் கேக்கறியா, சும்மா கேக்கறியான்னு பாக்கறதுக்கு. மூணாவது வாட்டி கேட்டா இன்னா சொல்றாங்களோ, அதான் பேச்சு.”

நான் மாவு ஆட்டிக்கொண்டே கேட்டேன். அட, நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். அத்தைக்கே அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. நாலாவது முறையும் கேட்கலாமா என்று இவள் சந்தேகம் கேட்டாள். மூணுக்கு மேல் கேட்டால் அது சண்டை என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

அன்று சாயங்காலமே டப்பாவைத் தூக்கிக்கொண்டு இவளே ஒவ்வொரு வீடாகப் போனாள். அத்தையும் கூடப் போனார், துணைக்கு. எதிர்வீட்டு அக்கா ஒரு முறை வாணாம் என்றார், இன்னொரு முறை வாணாம் என்றார், மூன்றாவது முறை கேட்டதும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்.

அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அத்தை போட்ட சட்டத்தை அத்தையே மறந்தாலும் அவள் மறக்கவில்லை. காலையில் அத்தை காபியை நீட்டினால் வேண்டாம் என்பாள். மறுபடி நீட்டினால் வேண்டாம் என்பாள். மூன்றாவது முறை வாங்கிக்கொள்வாள். வெயிலில் நடந்து தொண்டை வறண்டு வந்தாலும் தண்ணீர்ச் சொம்புக்கு இதே கதை. “இந்தக் காபி ஆறிப்போறதுக்குள்ள ஒரே வாட்டியா வாங்கிக்கயேன்டி” என்று அத்தை கெஞ்சுவார். மரியாதை அத்தை, மரியாதை என்பாள் இவள்.

வெளியிலும் அதே சட்டம்தான். மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் இடம் இல்லை என்று கண்டக்டர் சொன்னால், ஒரு நிமிஷம் விட்டு மறுபடி கேட்பாள், இன்னொரு நிமிஷம் விட்டு மறுபடி கேட்பாள். தலைமுடி வெயிலில் மஞ்சளாக மின்ன, சிரித்தபடி, துளிக்கூடக் கோபம் இல்லாமல் கேட்கிறவளிடம் அவர் என்ன செய்வார்? தன் பையை நகர்த்தி உட்காரவைத்துவிடுவார். ஏதோ ஒரு ஆபீஸில் அதிகாரி இல்லை என்றார்களாம். மூன்றாவது முறை கேட்டபோது அந்த அதிகாரியே உள்ளேயிருந்து எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்டாராம். உங்கள் ஊர் ரொம்ப நல்ல ஊர், கேட்டால் கிடைக்கிறது என்று மாமாவிடம் சொன்னாள். பட்டாவுக்காக மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்த மாமா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரே ஒரு இடத்தில்தான் சட்டம் பலிக்கவில்லை. மலைக்குப் போனவள் ஒரு நாள் பசியில் துவண்டு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கியிருந்தார்கள். சாப்பிடுகிறாயா என்று வீட்டுக்காரப் பெண் கேட்டார். இவள் வேண்டாம் என்றாள். அந்தப் பெண் பானையை மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டாவது முறை கேட்பார்கள் என்று இவள் காத்திருந்தாளாம். பஸ் வருகிறவரைக்கும் காத்திருந்தாளாம். அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் கேட்காமலே சோற்றைப் போட்டார். “மலை எங்க ஊர் மாதிரி அத்த. ஒரு வாட்டிதான்” என்றாள் இவள், வாய் நிறையச் சோற்றோடு. எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குள் அவள் நாக்கில் ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவள் அம்மாவோடு பேசிவிட்டு வருவாள். அப்பா இல்லை. அம்மா தனியாகத்தான் இருந்தார், மூட்டு வலியோடு. வந்ததும் வராததுமாக அத்தை விசாரிப்பார். அம்மா எப்படி இருக்காங்க, சமையல் யார் செய்கிறார்கள், இவளை வரச் சொல்லிக் கேட்டார்களா என்று எல்லாம். ஒரு முறை இவள், “வந்த புதுசுல கேட்டாங்க அத்த. எப்ப வரன்னு. அறுப்பு முடிஞ்சதும்னு சொன்னேன். அப்புறம் கேக்கல. எங்க ஊர்ல ஒரு வாட்டிதான் கேப்பாங்க” என்றாள். பிறகு அத்தை அடுப்படியில் என்னிடம், பெற்றவள் ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்றார். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். டீச்சர் டிரெயினிங் முடித்து, பெயரைப் பதிந்துவைத்து, கல்யாணமும் ஆகி, இனி அவ்வளவுதான் என்று நானே விட்டுவிட்ட நேரத்தில் வேலை ஆர்டர் வந்தது. வெள்ளிமலையில் பள்ளிக்கூடம். தியாகதுருகத்திலிருந்து என் அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்தார். மாமா கையில் கொடுத்தார், காபி குடித்தார், “நீங்க பாத்து செய்ங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் அதற்கு மேல் பேச அவருக்கு வாய் வராது.

எனக்குப் போக வேண்டும். அப்படி ஒரு ஆசை. மாமாவும் அத்தையும் தங்கமானவர்கள், அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் எதைக் கேட்டாலும் “உங்க இஷ்டம் அத்த” என்று சொல்லிச் சொல்லி, என் இஷ்டம் எது என்பதே எனக்கு மறந்துகொண்டிருந்தது. கரும்பலகையின் முன்னால் நிற்கிற மாதிரி தினமும் நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்கூடச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமா தொண்டையைச் செருமினார்.

“வெள்ளிமலைன்னா தெனம் போய் வர முடியாது. வாரத்துக்கு ஒரு நாள்தான் வூட்டுக்கு வரலாம். நம்ம வூட்ல சம்பாரிச்சித்தான் ஆவணும்னு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் கேக்கறேன். போறியாம்மா?”

“வாணாங்க மாமா” என்றேன்.

வேறு என்ன சொல்வது? அப்படிக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். வளர்ந்த வளர்ப்பு அது. மாமாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. பார்த்தாயா, அதுவே வாணாங்குது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ரசம் கேட்டார். நான் ரசத்தை எடுப்பதற்காகத் திரும்பிக்கொண்டேன். கண் கரித்தது. இவ்வளவு வருஷம் படித்த படிப்பு ஒரு கரண்டி ரசத்துக்குள் முடிந்துபோனது.

அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். “மாமா, இது மொத வாட்டி” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. இன்னும் இரண்டு வாட்டி இருக்கிறது என்று அவளே விளக்கினாள். மாமா சிரித்துவிட்டார். அது சோற்றுக்குப் பாப்பா, இதற்கெல்லாம் இல்லை என்றார்.

“சோத்துக்கு மட்டும்னு அத்த சொல்லலியே?”

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். சட்டம் போட்டவர் அவர்தானே. ஆமாம், சோற்றுக்கு மட்டும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கும் நான் வீட்டில் இருப்பதுதான் வசதி. கை உதவிக்கு ஆள் வேண்டும், பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். அத்தை என்னைப் பார்த்தார். ரசக் கரண்டியோடு நின்ற என் கையைப் பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

“கேளுங்க. கேட்டா இன்னா கொறஞ்சிப்பூடும்?”

மாமா விளையாட்டாகவே இரண்டாவது முறை கேட்டார். போறியாம்மா? நான் வாணாங்க மாமா என்றேன். ஆனால் குரல் எனக்கு அடங்கவில்லை. அதுவரை இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

“போறியாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். இந்த முறை நிஜமாகவே கேட்டார்.

“போறேங்க மாமா.”

சொல்லிவிட்டேன். ஊற்றிய ரசம் அவர் இலையைத் தாண்டி ஓடியது. மாமா அதை விரலால் வழித்து இலைக்குள் தள்ளிக்கொண்டார். எனக்கு உயிரே இல்லை. “அப்ப ஒரு கம்பளி வாங்கணும். மேல குளிரும்” என்றார் கடைசியில். இதை முதலிலேயே சொல்வதற்கு என்னடி என்று அத்தை என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே அவளுக்கு ரசம் ஊற்றப் போனார். வாணாம் என்று சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார்.

தெரிந்துதான் செய்தாளா, இல்லை சட்டம் சட்டம்தான் என்று வெகுளியாகக் கேட்டாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. எப்படியானாலும் எனக்கு அவள் கடவுள் மாதிரி வந்தவள்.

வெள்ளிமலையில் ஒரு வீட்டோடு ஒட்டின அறையில் குடியிருந்தேன். போன அன்றைக்கே வீட்டுக்காரப் பெண் “சாப்டறியா டீச்சர்?” என்று கேட்டார். பழக்கதோஷம், வாணாம் என்றேன். பானை மூடப்பட்டது. அவ்வளவுதான். இதற்குத்தானே அவளைப் பார்த்து நாங்கள் அப்படிச் சிரித்தோம்! பட்டினியாகப் படுத்துக்கொண்டு நானே சிரித்துக்கொண்டேன். மறுநாள் கேட்டபோது, சாப்பிடறேங்க என்று முதல் முறையிலேயே சொன்னேன். வெட்கமாக இருந்தது. நாலைந்து நாளில் வெட்கம் போய்விட்டது. எனக்கு வேண்டியதை வேண்டும் என்று சொல்ல அந்த மலையில்தான் கற்றுக்கொண்டேன். சாமைக் காட்டைப் பார்க்க அவள் மேலே வந்தபோது இதைச் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் பயந்துபோனார்.

சாமை அறுப்பு முடிந்து அவள் கிளம்புகிற நாள் வந்தது. இன்னொரு விதைப்பையும் பார்த்துவிட்டுப் போகலாமா என்று அவளுக்கே ஆசை இருந்தது. காலேஜிலும் ஒன்றும் தடை சொல்லவில்லையாம். பஸ் ஸ்டாண்டுக்கு அத்தையும், மலையிலிருந்து இறங்கி வந்திருந்த நானும் கூடப் போனோம். மெட்ராஸ் பஸ் வந்து நின்றது. மூட்டைகளை எல்லாம் ஏற்றிவிட்டு அவள் கீழே வந்து நின்றாள்.

“அடுத்த வெதப்பு வரிக்கும் இருந்துட்டு போயேன் பாப்பா” என்றார் அத்தை.

“வாணாம் அத்த.”

“சரி, பொங்கல் வரிக்குமாச்சும் இரு.”

“வாணாம் அத்த” என்றாள். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, ஏறாமல், அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். டிரைவர் ஹாரன் அடித்தார்.

அத்தை முறுக்குப் பையை அவள் கையில் திணித்தார். “ஏறு பாப்பா. எடம் போய்டப் போவுது” என்றார்.

பஸ் கிளம்பி வளைவு திரும்புகிறவரைக்கும் ஜன்னலில் அவள் கை தெரிந்தது. எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குப் பாதி வழியில் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். “மூணாவது வாட்டி ஏன் அத்த கேக்கல? கேட்டிருந்தா இருந்திருப்பா.”

“இருந்திருப்பா” என்றார் அத்தை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அங்க அவள பெத்தவ ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டு காத்துக்கினு கெடக்கறா. நான் மூணு வாட்டி கேட்டா நாயமாடி?”